1602/எம்.ஏ.எஸ்/1998: ஒரு மாத்திரையும் காப்புரிமைச் சட்டத்தின் ஒரு சிறு பிரிவும்

சென்னை சென்ட்ரலுக்கு ரயில் டிக்கெட் எடுத்தவர்களுக்கு அந்த மூன்று எழுத்துகள் பழக்கமானவை: எம்.ஏ.எஸ். 1996-இல் ஊர்ப்பெயர் மாறியபோதும் ரயில்வே பழைய மெட்ராஸை விட்டுவிடவில்லை. சென்னையின் காப்புரிமை அலுவலகமும் சில ஆண்டுகள் விடவில்லை. 1998 ஜூலை 17 அன்று அங்கே தாக்கலான ஒரு விண்ணப்பத்துக்குக் கிடைத்த எண் 1602/எம்.ஏ.எஸ்/1998. தாக்கல் செய்தது சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம். ஒரு ரத்தப் புற்றுநோய் மருந்தின் குறிப்பிட்ட படிக வடிவத்துக்குத் தனியுரிமை வேண்டும் என்பது கோரிக்கை. இறுதிப் பதில் வருவதற்குள் பதினைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. பதில், இல்லை.

அந்த 'இல்லை' எப்படி வந்தது என்று தெரிந்தால் மருந்துக் காப்புரிமையின் பெரும்பகுதி புரிந்துவிடும். சட்டம் படித்தவர்களுக்கு இதில் புதிதாக ஏதும் இருக்காது. ஒரே மருந்து ஒரு பெயரில் லட்சத்துக்கும் இன்னொரு பெயரில் ஆயிரங்களுக்கும் விற்பது ஏன் என்று மருந்துக் கடை வாசலில் நின்று யோசித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

காப்புரிமை என்றதும் பலர் கிரயப் பத்திரத்தை நினைத்துக்கொள்கிறார்கள்: கண்டுபிடித்தேன், ஆகவே எனக்குச் சொந்தம். குத்தகை என்று நினைப்பதுதான் பொருத்தம். கண்டுபிடித்தவர் தன் ரகசியத்தை ஒளிக்காமல், துறை தெரிந்த இன்னொருவர் படித்துச் செய்து பார்க்கும் அளவுக்கு எழுதிக் கொடுக்கிறார். பதிலுக்கு அரசு, விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று தடுக்கும் அதிகாரத்தை அவருக்கு அளிக்கிறது. கெடு முடிந்ததும் நிலம் ஊருக்குத் திரும்பிவிடும். குத்தகைக்கு நிபந்தனைகள் உண்டு. பொருள் புதிதாக இருக்க வேண்டும். துறை தெரிந்தவருக்கே உடனே தோன்றிவிடாத ஒரு தாவல் அதில் இருக்க வேண்டும். தொழிலில் பயன்பட வேண்டும். இவை உலகெங்கும் உள்ளவை. இவற்றோடு, எவையெல்லாம் கண்டுபிடிப்பே ஆகாது என்று இந்தியச் சட்டம் மூன்றாவது பிரிவில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. நம் கதை அந்தப் பட்டியலில்தான் நடக்கிறது.

மருந்துக்கு மட்டும் ஏன் இத்தனை தகராறு? தொலைக்காட்சிப் பெட்டியின் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அடுத்த தீபாவளிக்கு வாங்கிக்கொள்ளலாம். ரத்தப் புற்றுநோய் வந்தவரால் அடுத்த தீபாவளி வரை காத்திருக்க முடியாது. பேரம் பேசும் வலு ஒரு பக்கத்துக்கு அறவே இல்லாத சந்தை இது. மறுபக்கத்தின் வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஒரு மூலக்கூறைத் தேடிக் கண்டுபிடித்து, விலங்குகளிலும் மனிதர்களிலும் சோதித்து, அனுமதி பெற்று வெளியே கொண்டுவருவதற்குள் பத்தாண்டுகளும் பெரும் பணமும் கரைந்துபோகும். அதைப் பார்த்துச் செய்ய ஒரு நல்ல வேதியியல் ஆய்வகமும் சில மாதங்களும் போதும். பாதுகாப்பே இல்லையென்றால் யார் முதல் போடுவார்கள்?

சுதந்திர இந்தியாவுக்கு இந்தக் கேள்வி ஆரம்பத்திலேயே வந்தது. 1911-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலச் சட்டம்தான் அப்போதும் நடைமுறையில் இருந்தது. அதை மாற்றுவதற்கு வழி சொல்லும்படி சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ராஜகோபால ஐயங்காரிடம் அரசு கேட்டது. அவர் பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றார். 1959-இல் அவர் தந்த அறிக்கை ஓர் எளிய உண்மையைப் போட்டு உடைத்தது. இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் பெரும்பாலானவை அயல்நாட்டார் கையில் இருந்தன. அவற்றிலும் பெரும்பாலானவை இங்கே உற்பத்திக்கே வரவில்லை. அதாவது, குத்தகைக்கு எடுத்தவர் உழவில்லை. உழ வந்தவரையும் விடவில்லை.

அந்த அறிக்கையின் அடிப்படையில் பிறந்ததுதான் 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். மருந்துக்கும் உணவுக்கும் 'பொருள் காப்புரிமை' கிடையாது, 'செய்முறைக் காப்புரிமை' மட்டும்தான் என்றது அது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றவை சுலபம். மைசூர்பாகை முதன்முதலில் கிளறியவருக்குப் பொருள் காப்புரிமை கொடுத்தால், அவரைத் தவிர வேறெவரும் எந்த வழியிலும் மைசூர்பாகு செய்ய முடியாது. செய்முறைக் காப்புரிமை என்றால் அவருடைய பக்குவத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பு. வேறு பக்குவத்தில் அதே மைசூர்பாகை இறக்கித் தட்டில் கொட்டுபவரைச் சட்டம் தொடாது. மருந்துக்கான செய்முறை உரிமையின் ஆயுளும் குறுகியது: வழங்கியதிலிருந்து ஐந்தாண்டு அல்லது விண்ணப்பித்ததிலிருந்து ஏழாண்டு, எது முந்தியதோ அது.

இந்திய மருந்து நிறுவனங்கள் இந்தச் சலுகையை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டன. புதிய மூலக்கூறு ஒன்று வெளிநாட்டில் சந்தைக்கு வந்தால், அதை வேறு வழியில் சமைத்து மலிவாக விற்றன. 'திருட்டு' என்று மேலைநாட்டு நிறுவனங்கள் திட்டின. அந்தத் 'திருட்டு' என்ன செய்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். எச்.ஐ.வி. நோயாளிக்கான மூன்று மருந்துக் கூட்டுக்கு அமெரிக்காவில் ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் ஆகிக்கொண்டிருந்தபோது, 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் அதையே ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் சொன்னது. நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு. ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் சிகிச்சை என்பது பேசவே முடியாத கனவு என்ற நிலை அதற்குப் பிறகுதான் மாறத் தொடங்கியது.

ஆனால் அதற்குள் காலம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. 1995 ஜனவரி 1 அன்று உலக வணிக அமைப்பு உருவானது. அதில் சேர்ந்த நாடுகள் அறிவுசார் சொத்துரிமை பற்றிய டிரிப்ஸ் ஒப்பந்தத்தையும் ஏற்க வேண்டும். மருந்துக்கும் பொருள் காப்புரிமை கொடுத்தாக வேண்டும். இந்தியாவுக்கு 2005 ஜனவரி 1 வரை பத்தாண்டு அவகாசம் கிடைத்தது. ஒரு நிபந்தனையும் கூடவே வந்தது. அவகாசக் காலத்தில் வரும் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவைத்து 2005-இல் திறந்து பார்க்க வேண்டும். அந்த ஏற்பாட்டுக்குப் பெயரே 'அஞ்சல் பெட்டி'. 1602/எம்.ஏ.எஸ்/1998 விழுந்தது அந்தப் பெட்டியில்.

இனி மருந்துக்கு வருவோம். நாள்பட்ட மைலாய்ட் ரத்தப் புற்றுநோய் என்று ஒன்று உண்டு. அந்த நோயாளிகளின் ரத்த அணுக்களில் குட்டையான ஒரு குரோமோசோம் இருப்பதை 1960-இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவலும் டேவிட் ஹங்கர்போர்டும் கண்டார்கள். ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவதும் ஆளுக்கொரு துண்டை இடம் மாற்றிக்கொள்வதால்தான் அது குட்டையாகிறது என்று 1973-இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி காட்டினார். இப்படி ஒட்டுப்போட்ட இடத்தில் உருவாகும் ஒரு புரதம், அணைக்க முடியாத சுவிட்ச் போல, அணுக்களைப் பெருகு பெருகு என்று விரட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சுவிட்சைக் குறிபார்த்து அணைக்கும் மூலக்கூறுதான் இமாடினிப். பாசல் நகரில், பின்னாளில் நோவார்ட்டிஸின் பகுதியாகிவிட்ட சீபா-கைகி நிறுவனத்தில் நிக்கோலஸ் லைடன், யூர்க் சிம்மர்மன் ஆகியோர் அதை உருவாக்கினார்கள். நோயாளிகளிடம் அதைச் சோதிக்க வேண்டும் என்று விடாமல் வாதாடியவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மருத்துவர் பிரையன் டிரக்கர். 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவரை எலும்பு மஜ்ஜை மாற்றுதான் பெரிய நம்பிக்கை என்றிருந்த நோய் அது. முக்கியமான சோதனை ஒன்றில் இந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் ஐந்தாண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். இது சாதனைதான், சந்தேகமே இல்லை. பிலடெல்பியாவிலும் சிகாகோவிலும் பல்கலைக்கழக ஆய்வகங்கள் நாற்பதாண்டு போட்ட அடித்தளத்தின் மேல் எழுந்த சாதனை என்பதையும் கூடவே நினைவில் வைக்க வேண்டும்.

இமாடினிப் மூலக்கூறுக்கான அடிப்படைக் காப்புரிமையை சிம்மர்மன் பெயரால் குறிப்பிடுவது வழக்கம். அது 1995-க்கு முற்பட்டது. ஆகவே இந்தியாவில் அதற்கு வழியே இல்லை. பிறகு நிறுவனம் அந்த மூலக்கூறின் உப்பாகிய இமாடினிப் மெசிலேட்டை எடுத்து, அதன் 'பீட்டா' படிக வடிவத்தைத் தயாரித்தது. ஒரே செங்கற்களை வேறு விதமாக அடுக்கினால் வேறு சுவர் கிடைப்பதுபோல, ஒரே மூலக்கூறு வெவ்வேறு ஒழுங்கில் அடுக்கப்பட்டு வெவ்வேறு படிகங்களாகும். இந்தப் பீட்டா படிகத்துக்கான விண்ணப்பம் மட்டுமே 1995-க்குப் பிந்தியது. செங்கல் கைவிட்டுப் போய்விட்டதால் அடுக்கும் முறைக்கு உரிமை கேட்டார்கள் என்று சொல்லலாம்.

இதைத்தான் துறைக்காரர்கள் 'எவர்கிரீனிங்' என்கிறார்கள். குத்தகை முடியும் தறுவாயில் வேலியை மட்டும் மாற்றிக் கட்டிவிட்டு, 'இது புது நிலம், இன்னும் இருபதாண்டு எழுதிக் கொடுங்கள்' என்று கேட்பது. அதே மருந்தின் வேறு உப்பு, வேறு படிகம், ஒரு நாளைக்கு இரண்டு வேளைக்குப் பதில் ஒரு வேளை, பழைய மருந்துகள் இரண்டின் கூட்டு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காப்புரிமை வாங்கினால் இருபது ஆண்டு முப்பதாகும்; சில நேரம் அதற்கும் மேலே போகும்.

இப்படி நடக்கும் என்பது இந்திய நாடாளுமன்றத்துக்குத் தெரியாமல் இல்லை. அவகாசம் தீர்வதற்குச் சில நாள்களே இருந்த நிலையில், 2004 டிசம்பர் இறுதியில் அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2005 மார்ச்சில் அதை நாடாளுமன்றத்தில் நிறைவேற்ற வேண்டிய கட்டம் வந்தபோது, வெளியிலிருந்து ஆதரவளித்த இடதுசாரிக் கட்சிகளின் வற்புறுத்தலாலும், நோயாளிகள் அமைப்புகளும் வெளிநாட்டு எய்ட்ஸ் செயல்பாட்டாளர்களும் எழுப்பிய குரலாலும் ஒரு பிரிவு கூர்தீட்டப்பட்டது. அதுதான் 3(டி). அதன் சாரம் இது: ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவம், அந்தப் பொருளுக்குத் தெரிந்திருக்கும் செயல்திறனைக் கூட்டாவிட்டால் அது கண்டுபிடிப்பே அல்ல. உப்பு, படிக வடிவம், துகள் அளவு போன்றவை செயல்திறனில் கணிசமாக வேறுபட்டாலொழிய ஒரே பொருளாகவே கருதப்படும் என்று ஒரு விளக்கமும் அதன் அடியில் சேர்க்கப்பட்டது.

நான் அறிந்த சட்டப் பிரிவுகளில் இவ்வளவு நேரடியாக நோயாளியின் பக்கத்தில் நின்று கேள்வி கேட்பது குறைவு. நீ செய்த மாற்றத்தால் படுக்கையில் கிடப்பவருக்கு என்ன லாபம்? அவ்வளவுதான் கேள்வி.

அஞ்சல் பெட்டி திறக்கும் முன்பே ஒரு சம்பவம் நடந்தது. 2003 நவம்பரில் இந்த மருந்துக்கு நோவார்ட்டிஸ் 'தனிச் சந்தை உரிமை' பெற்றது. காப்புரிமை பற்றி முடிவாகும் முன்பே தான் மட்டும் விற்றுக்கொள்ளலாம் என்ற இடைக்கால ஏற்பாடு அது. அந்த உரிமையை வைத்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் சில இந்திய நிறுவனங்களுக்குத் தடை உத்தரவும் வாங்கியது. நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய். அதே மூலக்கூறில் இந்திய நிறுவனங்கள் செய்த 'ஜெனரிக்' மருந்துக்கு ஏறக்குறைய 10,000 ரூபாய். மாதா மாதம், ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மாத்திரை. காப்புரிமை கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நோயாளிகளுக்குக் கிடைத்த முன்னோட்டம் அது. நாட்கோ, சிப்லா, ரான்பாக்சி, ஹெட்ரோ ஆகிய நிறுவனங்களோடு, மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் விண்ணப்பத்தை எதிர்த்து மனு கொடுத்தது.

2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. நிறுவனம் இரண்டு முனைகளில் போராடியது. ஒன்று, நிராகரிப்புக்கு எதிரான மேல்முறையீடு. மற்றொன்று இன்னும் துணிச்சலானது: 3(டி) பிரிவே செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. அந்தப் பிரிவு டிரிப்ஸ் ஒப்பந்தத்துக்கு முரணானது. 'செயல்திறன்' என்றால் என்னவென்று வரையறுக்காமல் விட்டதால் அதிகாரி தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்கலாம், ஆகவே அரசமைப்பின் 14-ஆவது பிரிவு தரும் சமத்துவத்துக்கும் எதிரானது என்பவை வாதங்கள்.

நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் 2007 ஆகஸ்ட் 6 அன்று தீர்ப்பளித்தார்கள். உலக வணிக ஒப்பந்தத்துக்கு முரணா என்று பார்ப்பது எங்கள் வேலையல்ல, அதற்கென்று அந்த அமைப்பிலேயே தகராறு தீர்க்கும் ஏற்பாடு இருக்கிறது என்றார்கள். செயல்திறன் என்ற சொல்லும் தெளிவற்றதல்ல. மருந்து என்றால் நோயைத் தீர்க்கும் திறன்தான் பொருள், மருந்துத் துறையில் இருப்பவருக்கு அதைக் காட்டத் தெரியும் என்றார்கள். குடிமக்களுக்கு உயிர்காக்கும் மருந்து எளிதில் கிடைக்கச் செய்யும் கடமை அரசுக்கு உண்டு என்பதும் தீர்ப்பில் பதிவானது. இத்தனைக்கும் பிறகு எந்த நாடும் 3(டி)-க்கு எதிராக உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுக்கவில்லை. அமெரிக்க வணிகப் பிரதிநிதி அலுவலகத்தின் ஆண்டறிக்கைகளில் மட்டும் இந்தியா மீதான குறை தவறாமல் இடம்பெறும்.

மேல்முறையீடு, அப்போது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனது. 2009-இல் வாரியம் சொன்னது சுவாரசியமானது: படிகம் புதியதுதான், தாவலும் இருக்கிறது, ஆனால் 3(டி) தடுக்கிறது. அதாவது மற்ற நாடுகளில் வெல்வதற்குப் போதுமான விண்ணப்பம், இந்தியாவில் இந்த ஒரு கதவில் முட்டி நின்றது. அமெரிக்கா 2005-இலேயே இந்தப் படிகத்துக்குக் காப்புரிமை கொடுத்துவிட்டிருந்தது.

2013 ஏப்ரல் 1. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஆஃப்தாப் ஆலமும் ரஞ்சனா தேசாயும். தீர்ப்பின் முதல் பாதி ஒரு துப்பறியும் கதை போல இருக்கும். எதோடு ஒப்பிட்டுச் செயல்திறன் கூடியிருக்கிறது என்று பார்ப்பது? ஆரம்ப மூலக்கூறான இமாடினிப்போடு ஒப்பிட வேண்டும் என்றது நிறுவனம். மெசிலேட் உப்பு பழைய காப்புரிமையில் விளக்கப்படவே இல்லை என்றும் சொன்னது. நீதிமன்றம் நிறுவனத்தின் பழைய கடிதங்களைப் புரட்டியது. 2004-இல் நாட்கோவின் மருந்து பிரிட்டனில் விற்கப்பட்டபோது, மெசிலேட் உப்பு எங்கள் சிம்மர்மன் காப்புரிமைக்குள் அடங்கும் என்று சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது இதே நிறுவனம்தான். அமெரிக்காவில் அந்தப் பழைய காப்புரிமையின் ஆயுளை நீட்டிக்கக் கேட்டதும் இதே மருந்தைக் காட்டித்தான். போட்டியாளரைத் தடுக்கும்போது 'உள்ளே இருக்கிறது', புதுக் காப்புரிமை கேட்கும்போது 'உள்ளே இல்லை' என்று இரண்டும் பேச முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஆக, ஒப்பிட வேண்டியது ஏற்கெனவே தெரிந்திருந்த மெசிலேட் உப்போடு.

அடுத்தது செயல்திறன். பீட்டா படிகம் நன்றாக உதிர்ந்து ஓடும், ஈரம் உறிஞ்சாது, வெப்பத்தில் நிலைத்திருக்கும் என்று நிறுவனம் பட்டியலிட்டது. தயாரிப்பாளருக்கு வசதிதான், நோயாளிக்கு என்ன என்றது நீதிமன்றம். முக்கியமான வாதம் ஒன்று மிச்சம் இருந்தது: உடலுக்குள் சேரும் மருந்தின் அளவு 30 விழுக்காடு கூடுகிறது. அளவு கூடினால் மட்டும் போதாது; அதனால் நோய் தீர்க்கும் திறன் கூடியது என்று ஆய்வு முடிவுகளோடு காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். அப்படி எதுவும் காட்டப்படவில்லை. மனு தள்ளுபடியானது.

நிறுவனத்தின் தரப்பையும் கேட்டாக வேண்டும். இந்தியாவில் இந்த மருந்து தேவைப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தாங்கள் இலவசமாகவே கொடுத்துவந்தோம் என்பது அவர்களின் வாதம், கொடுத்தது உண்மை. என் எண்ணத்தில், கொடுப்பவர் மனம் மாறும்வரைதான் இலவசம் ஓடும். கடையில் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைக்கும் மருந்து யார் மனத்தையும் நம்பி இருக்காது.

ஆனால் படிக வடிவம் அற்பம் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். 1998-இல் ரிட்டோனாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் உற்பத்தியில் யாரும் எதிர்பாராத ஒரு புதிய படிகம் தானாக முளைத்தது. அது சரியாகக் கரையவில்லை. காப்ஸ்யூல்களைச் சந்தையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. குளிர்பதனப் பெட்டி இல்லாமலே தாங்கும் ஒரு வடிவம், மின்சாரம் வந்து வந்து போகும் ஊரில் உயிர் காக்கலாம். அது 'நோய் தீர்க்கும் திறன்' என்ற குறுகிய வாசலுக்குள் நுழையுமா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. அத்தகைய உழைப்புக்கு இருபதாண்டுத் தனியுரிமைதான் ஒரே கூலியா என்பது என் கேள்வி.

சரி, காப்புரிமை முறையாகவே வழங்கப்பட்டுவிட்டது, மருந்தும் உண்மையிலேயே புதியது, விலையோ எட்டாத உயரம். அப்போது? அதற்கும் சட்டத்தில் வழி உண்டு: 84-ஆவது பிரிவின் கட்டாய உரிமம். காப்புரிமை வழங்கி மூன்றாண்டு ஆன பிறகு, மக்களின் நியாயமான தேவை நிறைவேறவில்லை என்றோ, கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கவில்லை என்றோ, இந்தியாவில் அது நடைமுறைப்படுத்தப்படவில்லை என்றோ காட்டினால், வேறொருவர் தயாரிக்க அரசு உரிமம் தரலாம். காப்புரிமைதாரர் உரிமையை இழப்பதில்லை. விற்பனையில் ஒரு பங்கு அவருக்குப் போகும். குத்தகைக்காரர் உழாத நிலத்தில் இன்னொருவரை இறக்கி, குத்தகைக்காரருக்கு வாரம் அளக்கச் சொல்வது மாதிரி.

2012 மார்ச் 9 அன்று சிறுநீரக, ஈரல் புற்றுநோய்க்கான சோராஃபெனிப் மருந்துக்கு அப்படியோர் உரிமத்தை ஹைதராபாத்தின் நாட்கோவுக்குக் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் பி.எச். குரியன் வழங்கினார். பேயர் நிறுவனத்தின் விலை மாதம் 2,80,428 ரூபாய். நாட்கோ விற்க வேண்டிய விலை 8,880 ரூபாய். பேயருக்கு 6 விழுக்காடு பங்கு. பேயர் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனபோது அங்கே தலைவராக இருந்தவர், முன்பு 3(டி) வழக்கைக் கேட்ட அதே பிரபா ஸ்ரீதேவன். (இவர் தமிழ்ச் சிறுகதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் கூட.) வாரியம் உரிமத்தை உறுதிசெய்து, பங்கை மட்டும் 7 விழுக்காடாக உயர்த்தியது. மும்பை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை.

இந்தக் கதையைக் கேட்பவர்கள், இந்தியா கட்டாய உரிமத்தை அள்ளி வழங்குகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். 84-ஆவது பிரிவின் கீழ் மருந்துக்கு வழங்கப்பட்டது இது ஒன்றுதான். பிறகு தசாடினிப், சாக்ஸாகிளிப்டின் ஆகிய மருந்துகளுக்கு வந்த கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டன. ஆயுதம் உறையில் இருப்பதே பேரத்தில் உதவும் என்று சிலர் சொல்வார்கள். பத்தாண்டுக்கு மேலாக உறையிலேயே இருந்தால் துருப்பிடிக்காதா என்று எனக்குத் தோன்றும்.

அதிகம் பேசப்படாத, ஆனால் எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு 25-ஆவது பிரிவில் இருக்கிறது. காப்புரிமை வழங்கப்படும் முன், எவரும் அதை எதிர்க்கலாம். போட்டி நிறுவனமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நோயாளி, மருத்துவர், மாணவர், யாராகவும் இருக்கலாம். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கான பெடாகுவிலின் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்படைக் காப்புரிமை 2023 ஜூலையில் முடிந்தது. அதன் ஒரு உப்பு வடிவத்துக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் கேட்ட உரிமை கிடைத்திருந்தால் தடை 2027 வரை நீண்டிருக்கும். அதை 2019-இல் எதிர்த்தவர்களில் இரண்டு பெண்கள் உண்டு, ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய சிகிச்சையின் ஊசி மருந்தால் செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் மும்பை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. இப்படி எதிர்ப்பதற்கு இருந்த சுலபம் 2024-இல் வந்த விதித் திருத்தத்தால் குறைந்திருக்கிறது. இப்போது கட்டணம் உண்டு. எதிர்ப்பு மனு விசாரணைக்கு ஏற்றதா என்று கட்டுப்பாட்டாளர் முதலில் பார்ப்பார். வீண் எதிர்ப்புகளால் ஆண்டுக்கணக்கில் தாமதம் என்ற நிறுவனங்களின் புகார் முழுப் பொய்யில்லை. இருந்தாலும், நோயாளி நுழைய இருந்த ஒரே கதவில் கட்டணம் வைத்தது எனக்கு உவப்பாக இல்லை.

ஆய்வாளர்களுக்கும் சட்டத்தில் சில சந்துகள் விடப்பட்டிருக்கின்றன. காப்புரிமை உள்ள பொருளை ஆராய்ச்சிக்கோ கற்பித்தலுக்கோ பயன்படுத்துவது 47-ஆவது பிரிவின்படி மீறலாகாது. காப்புரிமை முடியும் முன்பே அரசு அனுமதிக்குத் தேவையான சோதனைகளை ஜெனரிக் நிறுவனம் செய்து முடித்துக்கொள்ள 107ஏ இடம் தருகிறது. இல்லாவிட்டால் குத்தகை முடிந்த பிறகும் இரண்டு மூன்று ஆண்டுகள் சும்மா கழியும். இதே விளைவை வேறு பெயரில் கொண்டுவருவதுதான் 'தரவுத் தனியுரிமை'. முதல் நிறுவனம் கொடுத்த சோதனை முடிவுகளைச் சில ஆண்டுகளுக்கு மற்றவர் சார்ந்திருக்கக் கூடாது என்பது அது. ஐரோப்பிய நாடுகளுடனான வணிகப் பேச்சுகளில் இந்தக் கோரிக்கை திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது. செய்தித்தாளின் உள்பக்கத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தால் கொஞ்சம் நின்று படியுங்கள்.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை வணிகப் பெயரில் வாங்காமல் மூலப்பெயரில், மொத்தமாக, ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குகிறது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய முறை இது. பல தயாரிப்பாளர்கள் போட்டியிட்டால்தான் ஒப்பந்தப்புள்ளியில் விலை இறங்கும். காப்புரிமை உள்ள மருந்துக்கு வருவது ஒரே ஓர் உறைதான்.

சண்டை ஓயவில்லை. முதுகெலும்புத் தசைநார்ச் சிதைவு என்ற அரிய நோய்க்கான ரிஸ்டிப்லாம் மருந்து ஒரு புட்டி பல லட்சம் ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது. நாட்கோ அதைத் தயாரிக்கக் கூடாது என்று ரோச் நிறுவனம் கேட்ட இடைக்காலத் தடையை 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வும் மறுத்தது. உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை. நாட்கோ புட்டிக்கு 15,900 ரூபாய் என்று விலை வைத்தது. அங்கும் வாதம் பழகிய வாதம்தான்: முந்தைய காப்புரிமைக்குள் இந்த மூலக்கூறு ஏற்கெனவே இருந்ததா, இல்லையா.

சென்னையிலிருந்த அந்த மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டது. இப்போது மேல்முறையீடுகள் உயர் நீதிமன்றங்களுக்கே போகின்றன. விண்ணப்ப எண்களில் எம்.ஏ.எஸ். இல்லை. 2016 முதல் பன்னிரண்டு இலக்க எண் வந்துவிட்டது: முதல் நான்கு இலக்கம் ஆண்டு, ஐந்தாவது இலக்கம் அலுவலகம். டில்லிக்கு 1, மும்பைக்கு 2, கொல்கத்தாவுக்கு 3, சென்னைக்கு 4. விண்ணப்பங்கள் வழக்கமாகப் பதினெட்டு மாதங்களில் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் வெளியாகிவிடும். வீட்டில் யாருக்காவது விலையுயர்ந்த புது மருந்து எழுதிக் கொடுக்கப்பட்டால், அட்டையிலுள்ள மூலப்பெயரை அங்கே தட்டச்சு செய்து பாருங்கள். ஒரு மருந்துக்கு ஒரு விண்ணப்பம்தான் இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள்.